நாளைய வெயிலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்

"மேட்டுப் புல்வெளி முழுக்க மரம்தான் நடப்போறேன், அக்கா..."

"முழுக்கவா? அப்போ என் மாடுங்க எங்கடா மேயும்? உன் தலை..."

"தலையில மேய என்ன இருக்கு? அதான் வழுக்கையாயிடுச்சே! நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ பொறந்ததுலேர்ந்து சொல்றதைத்தான் கேட்டுட்டிருக்கேன். இன்னைக்கு நீ கேளு. அந்தப் புல்லு..."

"புல்லெல்லாம் காஞ்சு போயிடும்! வெயில் ஏறப்போகுது. காகிதத்துலயே போட்டிருக்கான்!"

"மழை குறையாது! அதுவும் காகிதத்துலதான் போட்டிருக்கான்!"

இவ்வளவும் கிசுகிசுப்பாகத்தான் நடந்தது. சமையலறைச் சுவருக்கு அந்தப்பக்கம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். பகலில் அவளை எழுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அப்பாவும் அத்தையும் கழுத்து நரம்பு புடைக்க, கைகளை ஆட்டி, காற்று மட்டும் வெளியே வரும் குரலில் சண்டை போட்டார்கள். வெளியாள் யாராவது எட்டிப் பார்த்தால், இரண்டு பாம்புகள் வாய்ப்பாடு ஒப்பிக்கின்றன என்று நினைத்திருப்பார்கள்.

மேசையின் மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள் அந்த வீட்டுப் பெண். அவளுக்கு இரண்டு பெயர்கள். மரம் வளர்க்கும் அப்பாவுக்கு அவள் சுள்ளி. மாடு வளர்க்கும் அத்தைக்கு அவள் கன்னுக்குட்டி. நாம் சுள்ளி என்றே வைத்துக்கொள்வோம். அவள் கைகால்களைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள்.

"சரிடா. நட்டுக்கோ" என்றாள் அத்தை திடீரென்று. கிசுகிசுப்பு இல்லை, சாதாரணக் குரல். "திங்கக்கிழமை மாட்டு வியாபாரியை வரச்சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் குடுத்துட்டு டவுனுக்குப் போறேன். பால் பாக்கெட் போடற ஆலையில ஆள் எடுக்கறாங்களாம். அங்கேயே ஒரு ரூம் பாத்துக்கறேன்."

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை தன் கோப்பையைக் கழுவி, தன் ஆணியில் மாட்டிவிட்டு, தொழுவத்தைப் பார்த்துப் போய்விட்டாள்.

சுள்ளி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

அத்தை இல்லாத வீடா? மாலையில் பால் கறக்கும்போது கோபக்காரியோடும் சோம்பேறியோடும் யார் பேசுவார்கள்? (இரண்டும் மாடுகள்.) பக்கத்து அறையிலிருந்து அத்தையின் குறட்டை கேட்காமல் சுள்ளிக்குத் தூக்கமே வராதே!

"அப்பா, அத்தை நிஜமாவா போயிடுவாங்க?"

"உங்க அத்தை சொன்னா சொன்னதுதான். சின்ன வயசுல ஒரு தடவை என்கூட 'டூ' விட்டா. ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசவே இல்ல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நானும் பேசல" என்றார் அப்பா.

*

சண்டைக்குக் காரணம் இதுதான்.

போன மாதம் வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, ஊர் மண்டபத்தில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினாள். பெரிய தொப்பி போட்டிருந்ததால் பிள்ளைகள் அவளைத் தொப்பி அக்கா என்றார்கள். இன்றைய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆகும் காலத்தில் இந்த மலையடிவாரத்தில் வெயில் எப்படி இருக்கும், மழை எப்படி இருக்கும் என்று அலுவலகத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்களாம். மாடு வைத்திருப்பவர்களும் பயிர் செய்பவர்களும் மரம் வளர்ப்பவர்களும் அதைப் பார்த்து இப்போதே திட்டம் போடலாமாம். வீட்டுக்கு இரண்டு தாள்கள் கொடுத்தாள். ஒன்று வெயிலைப் பற்றி. மற்றது மழையைப் பற்றி.

வேறு வீடுகளில் இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள். சுள்ளியின் வீட்டிலோ எதையும் பிரித்துக்கொள்வதுதான் வழக்கம். அலமாரியில் மேல்தட்டு அப்பாவுக்கு, கீழ்த்தட்டு அத்தைக்கு. துணி காயப்போடும் கொடியில் இந்தப் பாதி இவருக்கு, அந்தப் பாதி அவளுக்கு. மேட்டுப் புல்வெளி ஒன்றுதான் இன்னும் பிரிக்காமல் பொதுவில் கிடந்தது. அந்த வழக்கப்படியே மண்டபத்து வாசலிலேயே தாள்களையும் பிரித்துக்கொண்டார்கள். மரத்துக்கு வெயில்தானே முக்கியம் என்று அப்பா வெயில் தாளை எடுத்துக்கொண்டார். புல்லுக்கு மழைதானே முக்கியம் என்று அத்தை மழைத் தாளை எடுத்துக்கொண்டாள்.

அப்பா தன் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அத்தை தன் தாளைத் தொழுவத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். முதல் வரி, 'ஆண்டு மழை அளவு குறைய வாய்ப்பில்லை.' அதைப் படித்துவிட்டு, "பாத்தியா!" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனாள். திரும்பி வருவதற்குள், கண்ணில் பட்டதையெல்லாம் தின்பதால் திருடன் என்று பேர் வாங்கிய கன்று, முதல் வரிக்குக் கீழே இருந்த அத்தனையையும் தின்று முடித்திருந்தது.

இது சுள்ளிக்குத் தெரியும். தாளின் கடைசித் துண்டை அதன் வாயிலிருந்து இழுத்துப் பார்த்தவளே அவள்தான். திருடன் விடவில்லை.

*

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் தொப்பி அக்கா பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வருவாள். அங்கே நான்கு கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் வெப்பமானி. பக்கத்தில் மழை அளக்கும் உருளை.

சுள்ளி ஓட்டமும் நடையுமாகப் போனாள். தொப்பி அக்கா பெட்டிக்குள் தலையை விட்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"கேளு" என்றது பெட்டி.

"வெயில் ஏறும்னு எங்கப்பா சொல்றாரு. மழை குறையாதுன்னு எங்க அத்தை சொல்றாங்க. யாரு சொல்றது தப்பு?"

"யாரு சொல்றதும் தப்பில்ல."

"அப்புறம் ஏன் சண்டை வருது?"

தொப்பி அக்கா தலையை வெளியே எடுத்தாள். "அதுக்கு வானிலை காரணமில்ல. உங்க வீடு காரணம்."

சுள்ளி சிரித்துவிட்டாள். பிறகு, திருடன் தாளைத் தின்ற கதையைச் சொன்னாள். இப்போது தொப்பி அக்கா சிரித்தாள். திருடன் தின்ற பகுதியில் என்ன எழுதியிருந்தது என்று சுள்ளி கேட்டதற்கு, தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

"இந்தத் தண்ணியை நீ நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கலாம். இல்லேன்னா நான் ஒரே மூச்சுல உன் மூஞ்சியில கவுத்துடலாம். ரெண்டும் ஒண்ணா?"

"ஐயோ, இல்ல!"

"தண்ணி அளவு என்னமோ ஒண்ணுதான். உங்க மழையும் இனிமே அப்படித்தான். குறையாது. ஆனா ரொம்ப நாள் வராம இருந்துட்டு, வந்தா மொத்தமா வந்து கொட்டும்."

சுள்ளி யோசித்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு மழை வருமான்னு கேட்டாலே உங்க ஆபீஸ்ல தப்பாச் சொல்றாங்க, முப்பது வருஷம் கழிச்சு நடக்கப்போறது எப்படித் தெரியும்னு அத்தை கேக்கறாங்க."

"நல்ல கேள்வி. சரி, நாளன்னைக்கு உங்க வகுப்புல யாரு யாரு லீவு போடுவாங்க, சொல்லு."

"அது எப்படித் தெரியும்?"

"பரீட்சை முடிஞ்ச மறுநாள்?"

"பாதிப் பேர் வரமாட்டாங்க!"

"யாரு வரமாட்டாங்க?"

"அது தெரியாது. ஆனா பாதிப் பேர் வரமாட்டாங்க. எப்பவும் அப்படித்தான்."

"என் வேலையும் அதுதான். எந்த நாள்னு தெரியாது. எவ்வளவுன்னு ஓரளவு தெரியும். அதுலயும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். மறைக்காம சொல்லிடறேன்."

சுள்ளி வெள்ளைப் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தாள். வெயில் ஏறும், மழை கொட்டும் என்பதெல்லாம் வார்த்தையாகப் புரிந்தது. ஆனால் கண்ணுக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"அப்போ எங்க மேடு எப்படி இருக்கும்? பாக்கறதுக்கு?"

"பாக்கறதுக்கா?" தொப்பி அக்கா தூரத்தில் ஆறு வளையும் பக்கமாகக் கையை நீட்டினாள். "கீழே ஆத்தோரமா ஒரு ஊர் இருக்கே, அங்கே இன்னைக்கு என்ன வெயிலோ, என்ன மழையோ, கிட்டத்தட்ட அதுதான். உனக்கு உங்கப்பா வயசாகும்போது அந்த ஊர் வெயில் மேல ஏறி உங்க மேட்டுக்கு வந்துடும்."

"அந்த ஊர் இப்பவே இருக்கே!"

"இருக்கு."

"அங்கே மாடு இருக்கா?"

"இருக்கு."

"மரம்?"

"அதுவும் இருக்கு."

"அப்போ நேரா போய்ப் பாத்துட்டு வந்துடலாமே! எதுக்குக் காகிதத்தை வெச்சுச் சண்டை போடணும்?"

தொப்பி அக்கா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். "அன்னைக்கு மண்டபத்துல அவ்வளவு நேரம் பேசினேன். ஒருத்தராவது இதைக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

*

அன்று மாலை எல்லோரும் மேசையில் உட்கார்ந்திருந்தபோது சுள்ளி சொன்னாள். அம்மா அப்போதுதான் எழுந்து, தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் ஆத்தோரத்து ஊருக்குப் போகணும்."

"எதுக்கு?" என்றார் அப்பா.

"தனியாவா?" என்றாள் அத்தை.

"நம்ம மேட்டுக்கு வரப்போற வெயில் அங்கேதான் இருக்காம். பாத்துட்டு வரேன்." தொப்பி அக்கா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அப்பா முகம் மலர்ந்தது. "வெயில்தானே? நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீ கூட்டிட்டுப் போனா வழியில இருக்கற மரத்தை மட்டும் காட்டிட்டு வருவே" என்றாள் அத்தை. "நான் போறேன்."

"நீ போனா மாட்டை மட்டும் காட்டுவே."

"அதனாலதான் ரெண்டு பேரையும் கூப்பிடறேன்" என்றாள் சுள்ளி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் வேறுபக்கம் திரும்பினார்கள்.

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். "போயிட்டு வாங்க அண்ணி. இவரையும் இழுத்துட்டுப் போங்க. நீங்க ரெண்டு பேரும் சத்தம் போடாம சண்டை போடறதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கமே போச்சு. ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கறேன்."

*

மறுநாள் அப்பாவின் வண்டியில் கிளம்பினார்கள். முன்பக்கம் மூன்று பேர், நடுவில் சுள்ளி. அம்மா பக்கத்தில் இல்லாததால் சண்டை முழுச் சத்தத்தில் நடந்தது. எந்த வழியாகப் போவது, சன்னலைத் திறப்பதா மூடுவதா, முன்னால் போகும் டிராக்டரை முந்துவதா வேண்டாமா என்று எல்லாவற்றுக்கும் ஒரு சண்டை. சுள்ளிக்கு அது பாட்டுக் கேட்பதுபோல் இருந்தது. போட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாலை வளைந்து வளைந்து இறங்கியது. இறங்க இறங்க அத்தை முதலில் சால்வையைக் கழற்றினாள். பிறகு கம்பளிச் சட்டையையும். அப்பா வழுக்கையைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் துடைத்தார். சண்டையின் சத்தம் மெல்லக் குறைந்து, கடைசியில் அடங்கியே போனது. வாயைத் திறந்தால் சூடு உள்ளே போனது.

"நிறுத்தறேன்" என்றார் அப்பா திடீரென்று.

சாலையோரம் ஒரு தோப்பு. அப்பாவுக்கு உயிரான ஊசிமரங்கள். இலைகள் ஊசி ஊசியாக, அடிமரம் கோடு போட்டதுபோல் நேராக. மேட்டுப் புல்வெளியில் அவர் நட நினைத்ததும் இவற்றைத்தான். ஆனால் இந்த மரங்களின் உச்சியெல்லாம் பழுப்பாக இருந்தது. அப்பா கிட்டே போய் ஒரு மரத்தைத் தட்டினார். பட்டை பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. அடுத்த மரத்தைத் தட்டவில்லை.

"தண்ணி ஊத்தாம விட்டிருப்பாங்க" என்றாள் அத்தை. அவள் வாயிலிருந்து ஆறுதல் வருவது அபூர்வம்.

"ஒரு தோப்புக்கே யாரு தண்ணி ஊத்துவா?" என்றார் அப்பா.

கொஞ்ச தூரம் போனதும் அத்தை, "இப்போ நான் சொல்றேன், நிறுத்து" என்றாள்.

அது ஒரு வெட்டவெளிப் புல்வெளி. ஒரு மரம்கூட இல்லை. புல் ஓலைபோல் வெளுத்திருந்தது. நடுவில் ஒரே ஒரு மின்கம்பம். அதன் நிழல் கோடுபோலத் தரையில் விழுந்திருந்தது. அந்தக் கோட்டின் மேல் மாடுகள், ஒன்றின் பின் ஒன்றாக, வரிசையில் நின்றன. வாய் திறந்திருந்தது. மூச்சு வாங்கியது. நிழல் சற்று நகர்ந்தபோது எல்லாம் சேர்ந்து அரை அடி நகர்ந்தன.

சுள்ளிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"பாவிப் பசங்க, ஒரு கொட்டகை போடக்கூடாதா" என்றாள் அத்தை மெதுவாக. அந்தப் புல்வெளியின் சரிவில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் ஓடியது. எப்போதோ ஒரே நாளில் கொட்டிய மழை அறுத்துக்கொண்டு போன வழி. அத்தை அதையும் பார்த்தாள். மழை குறையாது என்று அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. சுள்ளி திரும்பி அந்த மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். நம் மேட்டில் மரமும் நிற்காது, மாடும் நிற்காது என்று காட்டத்தான் இவர்களைக் கூட்டிவந்தோமா? நாளைக்கு வரப்போகிற வியாபாரியின் வேலை இன்னும் சுலபமாகிவிட்டதே!

"அப்பா, இன்னும் கொஞ்ச தூரம் போலாம்" என்றாள். "ஊரு முழுக்க இப்படியே இருக்காது."

*

ஊரின் கடைசியில் ஒரு சரிவு வந்தது. அங்கே மரங்கள் இருந்தன. ஆனால் தோப்பு இல்லை. சரிவுக்குக் குறுக்காக ஒரு வரிசை மரம். பிறகு அகலமான புல்வெளி. மறுபடியும் ஒரு வரிசை. அகன்ற இலை, பரந்த கிளை. மரங்களுக்குக் கீழே மாடுகள் கால்களை மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அத்தையும் அப்பாவும் ஒரே சமயத்தில் வண்டியிலிருந்து குதித்தார்கள்.

வேலிக்கு உள்ளே ஒரு பெண், சின்ன மரக்கன்று ஒன்றைச் சுற்றிக் கம்பிவலை கட்டப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை சுருட்டிக்கொண்டு ஓடியது.

"ஏம்மா, இந்த மரமெல்லாம் எப்போ..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"இப்போ பேச நேரமில்லீங்க" என்றாள் அந்தப் பெண், நிமிராமலேயே. "மாடு இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள இதைக் கட்டியாகணும். இல்லேன்னா இது அதுங்களுக்கு சாயங்கால டிபன்."

அப்பா தயங்கி நின்றார். சுள்ளி நிற்கவில்லை. வேலிக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து போய், ஓடிக்கொண்டிருந்த மறுமுனையைக் காலால் மிதித்துப் பிடித்தாள்.

"யாரு பொண்ணு நீ?" என்றாள் அந்தப் பெண்.

"அதோ அவங்க ரெண்டு பேருக்கும் பொது" என்றாள் சுள்ளி.

அதற்கப்புறம் அப்பா வந்து கம்பியை முறுக்கினார். முறுக்குவதற்குள் ஒரு பெரிய மாடு ஆடி அசைந்து வந்தது. அத்தை அதன் எதிரே போய் நின்று நாக்கை ஒரு மாதிரி சொடுக்கினாள். அது யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"அட! என் பேச்சையே கேக்காது அது" என்றாள் அந்தப் பெண். இப்போது அவளுக்குப் பேச நேரம் கிடைத்தது.

அப்பா கேட்டார். "இது மாட்டுக்காக நட்ட மரமா? இல்ல மரத்துக்கு எரு வேணும்னு வெச்ச மாடா?"

"ரெண்டும் வெயிலுக்காக வெச்சதுங்க" என்றாள் அவள். "மாடு நிழல் கேட்டுது. மரம் எரு கேட்டுது. நான் நடுவுல வேலைக்காரி."

"ஊசிமரம் வெக்கலியா?"

"வெச்சேன். போயிடுச்சு. இது வேற வகை. வேரு ஆழமாப் போகும். பேரு கேக்காதீங்க, இந்த ஊர்ல ஆளுக்கு ஒரு பேரு சொல்லுவாங்க. கன்னு வேணும்னா தரேன்."

"ஏன் குறுக்கா நட்டிருக்கே?" என்றாள் அத்தை. "மேலேர்ந்து கீழே நட்டா நடக்கறதுக்கு வசதியா இருக்குமே?"

"முதல்ல அப்படித்தான் நட்டேன். ஒரே ஒரு மழை. மண்ணு, எரு, கன்னு எல்லாம் ஆத்துல. குறுக்கா நட்டா வர்ற தண்ணி ஒவ்வொரு வரிசையிலயும் கொஞ்சம் உக்காந்து மூச்சு விட்டுட்டுப் போகுது."

அப்பாவும் அத்தையும் அடுத்தடுத்துக் கேள்வி கேட்டார்கள். அவர் மரத்தைப் பற்றியே கேட்டார்; அவள் மாட்டைப் பற்றியே கேட்டாள். சுள்ளி கம்பிவலைக்குள் இருந்த கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் நிறையக் கம்பிவலைகள். சிலவற்றுக்குள் வெறும் காய்ந்த குச்சி.

"அக்கா, இதையெல்லாம் முதல்லேர்ந்து மறுபடி செய்யலாம்னு சொன்னா, நீங்க என்ன மாத்துவீங்க?"

அந்தப் பெண் கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள்.

"சீக்கிரம் ஆரம்பிச்சிருப்பேன்" என்றாள். "வெயில் இவ்வளவு ஏறாத காலத்துல வெச்ச கன்னுதான் அதோ மரமா நிக்குது. இப்போ வெக்கறதுல பாதி பிழைக்கறதில்ல. அப்பவே எனக்கு யாராவது சொல்லியிருந்தா இந்த மேடு முழுக்க நட்டிருப்பேன். சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனோ என்னமோ!"

"எங்க மேட்டுல இன்னும் இந்த வெயில் வரல" என்றாள் சுள்ளி. "இனிமேதான் வரப்போகுதாம்."

அந்தப் பெண் சுள்ளியைப் பார்த்தாள். பிறகு அப்பாவையும் அத்தையையும் பார்த்தாள்.

"அப்போ எதுக்கு இங்கே நின்னு பேசிட்டிருக்கீங்க?" என்றாள்.

*

வண்டி வீட்டுக்குத் திரும்பியது. பின்னால், ஈரச் சாக்குக்குள் அந்தப் பெண் கொடுத்த சில கன்றுகள். குளிர ஆரம்பித்ததும் அத்தை கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று யாரும் கேட்கவில்லை. சண்டையைவிட இந்த மௌனம்தான் சுள்ளிக்குப் பயமாக இருந்தது.

"அத்தை, அந்த வெயில் இங்கே வரும்போது எனக்கு அப்பா வயசு. அப்போ நீங்க என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

"வேறென்ன? உங்கப்பனோட சண்டை போட்டுட்டிருப்பேன்."

"டவுன்ல இருந்துட்டு எப்படிப் போடுவீங்க?"

அத்தை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "போன்ல போடலாம்" என்றார்.

"போன்ல போடறதெல்லாம் ஒரு சண்டையா?" என்றாள் அத்தை, சன்னலைப் பார்த்தபடியே.

ஒரு வளைவு தாண்டியது. இன்னொரு வளைவும்.

"முழுக்க நட வேணாம்னு பாக்கறேன்" என்றார் அப்பா. "பாதி வெச்சுக்கலாம். பாதி புல்லு, பாதி மரம். நடுவுல ஒரு கோடு போட்டு..."

"பாதி வேணாம்ப்பா!" என்றாள் சுள்ளி. "பாதி பாதியாப் பிரிச்சா ஒரு பக்கம் மாடு வெயில்ல நிக்கும். இன்னொரு பக்கம் மரம் எரு இல்லாம நிக்கும். அந்தக் காகிதத்தைப் பிரிச்சுக்கிட்ட மாதிரிதான் ஆகும். முழுக்க மரம் வெப்போம். முழுக்க மாடும் மேயட்டும். இதுக்கு நடுவுல அது, அதுக்கு நடுவுல இது."

"கன்னை மாடு தின்னுடுமே" என்றார் அப்பா.

"நான் கம்பி கட்டுவேன். கத்துக்கிட்டேன்."

"திருடன் கம்பியையும் தின்னுவான்" என்றாள் அத்தை. ஆனால் இப்போது அவள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மேட்டுக்காக ஊசிமரக் கன்றுகள் சொல்லிவைத்திருந்த நாற்றுப் பண்ணைக்குப் போன் போட்டார். "நான்தான் பேசறேன். லாரியில ஏத்தற ஊசிமரத்தைக் குறைச்சுடுங்க... ஆமா, குறைச்சுடுங்க. மேட்டோட வடக்குப் பக்கத்துக்கு மட்டும் போதும். அங்கே குளிர்ச்சி கொஞ்சம் தங்கும்... என்னது, உடம்பு சரியில்லையாவா? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

*

வீட்டுக்குப் போகவில்லை. நேராக மேட்டுப் புல்வெளிக்குத்தான் போனார்கள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

எது குறுக்கு, எது நெடுக்கு என்பதிலேயே சண்டை தொடங்கியது. புல்வெளி ஒரு பக்கமாகச் சரிந்து, நடுவில் திரும்பி, வேறு பக்கம் சரிந்தது. அப்பா ஒரு திசையைக் காட்டினார். அத்தை வேறு திசையைக் காட்டினாள். சுள்ளி தொழுவத்துக்கு ஓடி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, மேட்டின் உச்சியில் கவிழ்த்தாள். தண்ணீர் புல்லுக்குள் நெளிந்து, தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு கீழே போனது.

"அதுக்குக் குறுக்கே" என்றாள் சுள்ளி.

அடுத்தது, இரண்டு வரிசைக்கு நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்பது.

"மரம் வளர்ந்து கிளை விரிச்சா எவ்வளவு வருமோ, அவ்வளவு" என்றார் அப்பா.

"மாடு திரும்ப எவ்வளவு வேணுமோ, அவ்வளவு" என்றாள் அத்தை.

"மாடு என்ன லாரியா?"

"கோபக்காரியைக் கூட்டிட்டு வந்து காட்டட்டுமா?"

"கூட்டிட்டு வா பாக்கலாம்!"

அத்தை நிஜமாகவே கூட்டிவந்தாள். கோபக்காரி புல்வெளியின் நடுவில் நின்று, யார் சொல்லியும் திரும்பாமல், கடைசியில் தனக்குத் தோன்றியபோது ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்பியது. அப்பா அந்த வட்டத்தைப் பார்த்தார். தன் கணக்கோடு இன்னும் நான்கு காலடிகளைக் கூட்டிக்கொண்டார்.

சுள்ளி ஒரு கட்டுக் குச்சிகளைத் தூக்கிக்கொண்டாள். மரம் வரப்போகிற இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட வேண்டும். அப்பா காலடியால் அளந்துகொண்டே முன்னால் போனார். பின்னாலேயே சுள்ளி குச்சியை ஊன்றி, கல்லால் தட்டிக்கொண்டு போனாள். மண் ஈரமாக, மெத்தென்று இருந்தது. கீழே ஆற்றோரத்தில் பார்த்த மண்ணை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு குச்சியையும் கொஞ்சம் ஆழமாகவே தட்டினாள்.

"நாளைக்கு அந்த வியாபாரி எத்தனை மணிக்கு வர்றான்?" என்று கேட்டார் அப்பா, அத்தையைப் பார்க்காமல்.

அத்தை அது காதில் விழாதவள்போலக் கோபக்காரியின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். சுள்ளி கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டாமல் நின்றாள். கோபக்காரி கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை இன்னும் நீட்டியது.

அத்தை நிமிர்ந்து, சுள்ளி கடைசியாக ஊன்றிய குச்சியைப் பார்த்தாள்.

"அதை ரெண்டடி தள்ளி நடு, கன்னுக்குட்டி. மரம் பெருசானதும் நம்ம மாடுங்க அங்கேதான் வந்து படுக்கும்."